அமாவாசைக்கு மட்டும் செல்லும் அட்டை

அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பற்றி ஊருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் விளக்கிச் சொல்வது என் வேலை. கேட்கிறவர் பாதிக் கனவில் இருப்பார், சொல்கிற நானும் அப்படித்தான். ஏதாவது ஒரு கவுண்டரில் ‘அடுத்த ஜன்னல்ல கேளுங்க’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு நின்றவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே வரிசை. ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அதே கதைதான்.

யாரும் வராத புதன்கிழமை

பிள்ளையார்பாளையத்தில் என் முதல் முகாம். ஒரு சிறிய கூடம், வரிசையாக நாற்காலிகள், நான், ஒரு மின்விசிறி. வெளியே தெரு முழுக்கத் தறிச் சத்தம் விடாத மழை மாதிரி. சாயம் போட்ட பட்டுநூல் வெயிலில் ஆடி ஆடி, சுவரில் ஒரு நேரம் சிவப்பும் ஒரு நேரம் பச்சையுமாக நிழல் விழுந்தது. மதியம்வரை ஒருவரும் வரவில்லை. நான் தூங்கியும் இருக்கலாம், சரியாக ஞாபகமில்லை.

எதிர்வீட்டு நெசவாளர் ஏழுமலை அண்ணன்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து எழுப்பினார். அமாவாசை அன்றைக்குத்தான் தறிக்கு ஓய்வு, அன்றைக்கு வை என்றார். வைத்தேன். நாற்காலி போதாமல் வாசல்வரை ஆட்கள். சந்தோஷத்தில், “இனிமே அட்டை விஷயம் எல்லாமே அமாவாசைக்குத்தான்” என்று மைக்கில் அறிவித்துவிட்டேன். கிளம்பும்போது ஏழுமலை அண்ணன் தோளைத் தட்டிச் சொன்னார்:

“தறி நின்னாத்தான்பா எங்களுக்குக் காது கேக்கும்.”

சாமியிடமிருந்து இறங்கிய அட்டை

சில மாதம் கழித்து ஒரு அமாவாசை முகாமில் ஏழுமலை அண்ணனின் மனைவி கஸ்தூரி அக்கா என் மேசைக்கு வந்தார். அண்ணனுக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இதய வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷனை இனித் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஞ்சள் துணியைப் பிரித்து அட்டையை எடுத்து வைத்தார். வாங்கிய நாளிலிருந்து பூஜை மாடத்தில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் சந்தனம், குங்குமம். இயந்திரம் படிக்க வேண்டிய கட்டத்தின் மேல் வட்டமாக ஒரு பொட்டு. மூன்று முறை காட்டியும் படிக்கவில்லை.

ஈரத்துணியை எடுத்தேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மெதுவாத் தொடைப்பா, அதை நம்பித்தான் அவரு இருக்குறாரு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

காப்பீட்டுப் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர்களை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். இந்த அட்டைக்கு இங்கே இதய ஆபரேஷன் கிடையாது, சென்னைக்குப் போங்கள் என்று சொன்னார்களாம். நானே போனேன். காப்பீட்டு மேசையில் ஸ்டெல்லா மேடம். முன்பு அங்கே இருந்தவர் சொல்லிக் கொடுத்ததை அப்படியே அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைச் சுற்றி உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த ஆபரேஷனுக்கு இதே ஆஸ்பத்திரிக்கு அனுமதி உண்டு, ரிப்போர்ட்டுகளை அனுப்பி முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும், நோயாளியிடம் முன்பணம் கேட்கக் கூடாது என்று அவர் கணினித் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். டீ ஆறி ஆடை படிந்தது. அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“போன மாசமும் வந்து இதையேதான் சொன்னீங்க தம்பி, ஆனா உங்க குரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சு.”

நாடா நின்ற நேரம்

ஒப்புதல் வந்தது. ஏழுமலை அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. இந்த ஒப்புதலுக்கு நாள் கெடு உண்டு. தவறினால் மறுபடி பரிசோதனை, மறுபடி கோப்பு, மறுபடி காத்திருப்பு. அவர் வால்வுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மறுநாள் கெடு முடிகிறது என்று ஸ்டெல்லா மேடம் போன் செய்தார். ஓடினேன்.

அண்ணன் தறிக்குழியில் கால் வைத்து, மூச்சு வாங்க வாங்க ஒரு கல்யாணப் புடவை நெய்துகொண்டிருந்தார். அரக்குப் பட்டில் ஜரிகை மயில்கள், பாதிவரை வந்திருந்தன. ஏன் வரவில்லை என்று கேட்டேன். நிமிராமல் பதில் சொன்னார். “அமாவாசைக்குத்தானே வரணும்? நீதானப்பா மைக்குல சொன்ன.”

அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. முகாமைப் பற்றித்தான் சொன்னேன், ஆஸ்பத்திரியைப் பற்றி இல்லை என்றேன். தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஊடுநூலை இழுத்துக்கொண்டு நாடா அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருந்தது.

வாசலில் நின்ற கஸ்தூரி அக்காவுக்குக் கேட்டுவிட்டது. உள்ளே வந்து, ஓடிவந்த நாடாவைக் கையில் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். வீடு அமைதியானது. பக்கத்து வீட்டுத் தறிகள் எங்கோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. அந்த அமைதியில் கெடு நாளைக்கு முடிகிறது என்று மெதுவாகவே சொன்னேன்; அண்ணனுக்குக் கேட்டது. அவர் பாதி மயில்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், அமாவாசை வராமல் தறியை எப்படி நிறுத்துவது என்றார். அக்கா நாடாவைத் திருப்பித் தரவில்லை.

“இன்னிக்கு நம்ம வூட்டுக்கு அமாவாசைன்னு வச்சுக்கோ, எழுந்து சட்டையப் போடு.”

மயில்களின் மீதிப் பாதியை, ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்து அண்ணனே நெய்தார்; நானோ இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் தறி நிற்கும்வரை வாயே திறப்பதில்லை, மைக்கைக் கண்டால் தறி நின்ற பிறகும் திறப்பதில்லை.