அவருக்காகக் கப்பலில் ஆடிய சீட்டு

என் வீட்டுக்காரர் சீட்டைக் கையால் தொடமாட்டார். கல்யாண வீட்டில் ஆண்கள் ஜமக்காளம் விரித்து ஆடும்போது ஒரு சீட்டு பறந்து வந்து இவர் காலடியில் விழுந்தால்கூடக் குனிந்து எடுக்கமாட்டார். "ஏமே, இத எடுத்து அவங்ககிட்ட குடு" என்று என்னைத்தான் கூப்பிடுவார். எல்லோருக்கும் அது வேடிக்கை. எனக்கு வேடிக்கை இல்லை. சீட்டைத் தொடுவதில்லை என்ற சத்தியத்தை அவரிடம் வாங்கியவளே நான்தான்.

சித்தூரில் மஞ்சள் போர்டு மாட்டிய டெலிபோன் பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. இவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். நான் மாங்காய் சீசன் வந்தால் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போவேன். ஷிஃப்ட் முடிந்ததும் டிப்போவுக்குப் பின்னால் நாலு பேர் உட்கார்ந்து ரம்மி ஆடுவார்கள். அதில் இவர்தான் கெட்டி. பதிமூன்று சீட்டையும் ஒரே தடவை பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துக்கொண்டே ஆடுவாராம். அந்தப் பெருமைதான் ஆளைக் கெடுத்தது. ஒருநாள் சாயங்காலம் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்.

"சைக்கிள் எங்க?" என்றேன்.

"பஞ்சர். கடையில உட்டுக்கீறேன். ரெண்டு பஞ்சர்" என்றார்.

எத்தனை பஞ்சர் என்று நான் கேட்கவே இல்லை. முகத்தைப் பார்த்தேன். "சீட்டுல தோத்துட்டியா?" என்றேன். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார்.

எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாசம். அந்தச் சைக்கிள் கல்யாணத்துக்கு என்னைப் பெத்த நைனா வாங்கித் தந்தது. அதில் பின்னால் உட்கார்த்தி வைத்துத்தான் மாசா மாசம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கே இழுத்துக்கொண்டு காணிப்பாக்கம் போனேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவன் பேச்சை நம்ப முடியாது என்று ஆகிவிட்டால் காணிப்பாக்கம்தான். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று பிரமாணம் செய்ய வேண்டும். அங்கே சொன்ன சொல்லை மீறினவரை அவர் சும்மா விடமாட்டார் என்று ஊரே நம்பும். குடிகாரப் புருஷன்களைப் பெண்டாட்டிகள் அங்கேதான் கூட்டிக்கொண்டு வருவார்கள். இவரும் முழுகினார். "இனிமே சீட்டக் கையால தொடமாட்டேன் சாமி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீயும் ஒன்னு செய்யி. இந்த சைக்கிள் பேச்ச இனி எடுக்கமாட்டேன்னு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஒரு முழுக்குப் போட்டு, அப்படியே சொன்னேன்.

அவர் சத்தியம் நின்றது. என் சத்தியம் எட்டு நாள்கூடத் தாங்கவில்லை. ரசத்தில் புளி தூக்கல் என்று ஏதோ சொன்னார். "சைக்கிளத் தோத்த மனுசனுக்கு நாக்கு ருசி ஒன்னுதான் கொறச்சல்" என்று வாயில் வந்துவிட்டது. ஒருதடவை வந்துவிட்டால் அப்புறம் என்ன? சண்டைக்குச் சண்டை அதுதான். வண்டி வாங்கின பிறகும் அதுதான், மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கின நாளில்கூட அதுதான். அவர் ஒருநாளும் பதில் பேசியதில்லை. வருஷத்துக்கு ஒருதடவை, பிள்ளையார் சவிதிக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, தனியாகப் பஸ் ஏறிக் காணிப்பாக்கம் போய் முழுகிவிட்டு வருவார். "இன்னா, கை அரிக்குதா? திரும்பவும் சத்தியம் பண்ணிக்கினு வரியா?" என்று சீண்டுவேன். சிரித்துக்கொண்டே ஈர வேட்டியைக் கொடியில் உலர்த்துவார்.

அன்றைக்கு வயிற்றில் இருந்தவள் திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தாள். பெங்களூரில் இரண்டு வருஷம், அப்புறம் சிங்கப்பூர். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அப்படித்தான் பறந்துவிட்டது. அவள் நைனா ரிட்டையர் ஆனதும் டிக்கெட் அனுப்பி எங்களை வரவழைத்து, நாலு நாள் கப்பலில் ஏற்றிவிட்டாள், தானும் வந்தாள். கப்பல் என்றால் நான் என்னவோ நினைத்திருந்தேன். அது எங்கள் கலெக்டர் ஆபீஸைவிடப் பெரிய கட்டடம், தண்ணீரில் நிற்கிறது. லிஃப்ட் இருக்கிறது. துன்னுவதற்கு அத்தனை இருக்கிறது, மோருக்கு மட்டும் வழியில்லை.

முதல் நாளே இவரைக் காணோம். தேடிப்போனால் கேசினோ பக்கத்தில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அதற்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே மேசையைச் சுற்றிச் சீட்டாட்டம். மறுநாள் காலையிலும் அங்கேதான். நான் பின்னால் போய் நின்றது அவருக்குத் தெரியாது. கட்டியிருந்த கைகளில் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. கட்டைவிரல் ஆள்காட்டி விரல்மேல் நகர்ந்து நகர்ந்து தள்ளுகிறது, இல்லாத சீட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதுபோல. எனக்கு என்னவோ செய்தது. பீடி இல்லை, குடி இல்லை, இந்த மனுஷனுக்கு ஆசை என்று இருந்தது இது ஒன்றுதான். இருபத்தேழு வருஷமாக அதைப் பிடுங்கி வைத்திருக்கிறேனே.

"ஒரு ஆட்டம் போயி ஆடு. நான் சொல்றேன், போ" என்றேன்.

"நீ சொல்றதுக்கு, உன் கிட்டயா சத்தியம் பண்ணேன்?" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

மகள்தான் விஷயத்தைக் கேட்டு வந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் போக்கர் டோர்னமென்ட். பணத்துக்குப் பதிலாக எல்லோருக்கும் ஒரே அளவு வட்ட வில்லைகள் கொடுத்து உட்கார வைப்பார்கள். வில்லை தீர்ந்தவர் எழுந்து போய்விட வேண்டும், அதற்குமேல் கையிலிருந்து போட முடியாது. "நைனா ஆடமாட்டார். நீ ஆடும்மா. நைனா உனக்குச் சொல்லித் தரட்டும்" என்றாள்.

"ஐயோ, நானா? ராஜா ராணிகூட எனக்கு அடையாளம் தெரியாதே" என்றேன். ஆனால் இவர் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு வெளிச்சம். சரி என்றேன்.

கப்பல் கடையிலேயே ஒரு கட்டுச் சீட்டு வாங்கி வந்தாள் மகள். இவர் கட்டிலில் உட்கார்ந்து, தன் சீப்பை எடுத்துக்கொண்டார். சீட்டை நான் பரப்ப, கையால் தொடாமல் சீப்பு நுனியால் காட்டிக் காட்டிச் சொன்னார். "இது ரம்மி இல்லமே. உன் கையில ரெண்டே சீட்டு. நடுவுல அஞ்சு, அது எல்லாருக்கும் பொது. ரெண்டையும் சேத்து நல்லதா ஒரு அஞ்சு காட்டணும்." ஒன்றரை நாள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்ததிலேயே முழு ஆட்டத்தையும் பிடித்துவிட்டிருந்தார். நான் மறந்தால் சீப்பால் என் முழங்காலில் ஒரு தட்டு. நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து சிரித்தது எப்போது என்று எனக்கு நினைவில்லை.

கடைசியாக, "கணக்கெல்லாம் மறந்தாலும் பரவால்ல. நான் வீட்டுக்குள்ள வரும்போதே என் மூஞ்சப் பாப்பியே, அந்தப் பார்வ. அதே பார்வய அவங்களப் பாரு" என்றார்.

ஒரு மேசைக்கு எட்டுப் பேர். புடவை கட்டினவள் நான் ஒருத்திதான். சீட்டுப் போடுகிற பெண் சட்டம் சொன்னாள். யாரும் யாருக்கும் சொல்லித் தரக்கூடாது, மேசையில் இங்கிலீஷ் தவிர வேறு பேச்சு கூடாது. மகள் கயிற்றுக்கு வெளியிலிருந்து அதை இவருக்குச் சொன்னாள். இவர் உடனே போய் ஜன்னலோரம் நின்று எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டார். கண் ஜாடை காட்டினார் என்று ஒருவர் சொல்லிவிடக் கூடாதாம். டோர்னமென்ட் முடியும்வரை திரும்பவே இல்லை.

வாய்க்குள் "பிள்ளையாரே" என்றதற்குக்கூட அந்தப் பெண் "இங்கிலீஷ் ப்ளீஸ்" என்றாள். பிள்ளையாருக்கு இங்கிலீஷில் என்ன சொல்ல? வாயை மூடிக்கொண்டேன். சீட்டு நன்றாக இல்லையென்றால் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தொப்பி போட்ட ஒரு ஆள் பாதி வில்லைகளைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்கிட்ட ரொம்ப நல்ல சீட்டு ஆன்ட்டி, ஜாக்கிரதை" என்றான் இங்கிலீஷில்.

உன்னை யாரப்பா கேட்டது? இதுவும் அந்த ரெண்டு பஞ்சர் மாதிரிதான் என்று தோன்றிவிட்டது எனக்கு. என் கையில் இரண்டு பத்து. இருந்த அத்தனை வில்லையையும் தள்ளினேன். அவனும் ரோஷத்தில் மிச்சத்தையெல்லாம் தள்ளினான். சீட்டைத் திருப்பினால் அவனிடம் ஒன்றுமே இல்லை. தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போனான். கயிற்றுக்கு வெளியே மகள் குதித்தாள். ஜன்னலோரம் முதுகு அசையவில்லை, பின்னால் கட்டிய விரல்கள் மட்டும் வேகமாக ஆடின.

கடைசியில் மூன்றே பேர் இருந்தோம். எனக்கு இரண்டு ராஜா வந்தது. எல்லாவற்றையும் போட்டேன். எதிரில் இருந்த அம்மாளுக்குக் கையில் இரண்டு ஒன்பது, நடுவில் கடைசிச் சீட்டாக இன்னொரு ஒன்பது விழுந்தது. மூன்று ஒன்பது சேர்ந்தால் இரண்டு ராஜா எடுபடாது. அவ்வளவுதான், நான் வெளியே. எழுந்து இவரிடம் போனேன்.

"கடைசியா கையில இன்னா வெச்சிருந்த?" என்றார்.

"ரெண்டு ராஜா."

"நானா இருந்தாலும் போட்டிருப்பேன்" என்றார். எனக்கு அது போதும். அதற்குமேல் எந்தப் பரிசும் வேண்டியிருக்கவில்லை.

மகள் டீ வாங்கப் போனாள். மேல்தளத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் பறந்த என் முந்தானையை அவர் பிடித்துக் கையில் கொடுத்தார். என் மனசு தாங்கவில்லை. "வருஷா வருஷம் காணிப்பாக்கம் போய்க்கினு இருக்கிறியே. இந்தத் தடவ போயி, போதும் சாமி, என்ன உட்டுடுன்னு கேளு. இன்னும் எத்தினி வருஷம்தான் முதுகக் காட்டிக்கினு நிப்ப?" என்றேன்.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "நான் இன்னாத்துக்குப் போறேன்னு நெனச்சிக்கினு இருக்கிற?"

"உன் சத்தியத்துக்குத்தான்."

"என் சத்தியம் நல்லாத்தான கீது? அதுக்கு இன்னாத்துக்கு பஸ் ஏறணும்? உன்னுதுதான் மாசத்துக்கு நாலு தடவ ஒடையுது."

"என்னுதுக்கா போற?" என்றேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மீறினவங்கள அவர் உடமாட்டாருன்னு சொல்றாங்க. உனக்கு ஏதாவது ஒன்னு ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? அதான் போயி, அவளுக்கு வாய் மட்டும்தான் சாமி, மனசுல ஒன்னும் கெடையாது, எதுனா குடுக்கறதா இருந்தா எனக்குக் குடுத்துடுன்னு சொல்லிட்டு ஒரு முழுக்குப் போட்டுக்கினு வருவேன்."

இருபத்தேழு தடவை. கொடியில் உலர்ந்த அந்த ஈர வேட்டியெல்லாம் எனக்காகத்தான். அதைப் பார்த்துத்தான் நான் கை அரிக்குதா என்று கேட்டேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"போய்யா, சைக்கிளத் தோத்த மனுசா" என்று வந்துவிட்டது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பாரு, திரும்பவும் ஒடச்சிட்ட" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்குப் போனதும் மறுபடி பஸ் ஏறணும்."