களைக்கொல்லிக் கேனில் குடிதண்ணீர்

மலேசியாவிலிருந்து தொண்டராக வந்திருந்த நான், பிளாஸ்டிக் குப்பையைப் பற்றிப் பேச இலங்கையின் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வீட்டில், கொழுந்து பறிக்கும் செல்வி தன் குழந்தைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஊற்றிய கேனில் மண்டையோட்டுப் படம்! களைக்கொல்லி வந்த கேன்.

"ஐயோ, இது விஷங்க!" அவர் கையிலிருந்த பால்புட்டியைப் பிடுங்கிவிட்டேன்.

குழந்தை வீறிட்டது. செல்வி மிரண்டுபோனார். "நல்லா கழுவித்தாங்க வச்சிருக்கேன். லயத்துல எல்லாரும் இதுலதாங்க தண்ணி புடிக்கிறோம்."

வெளியே எட்டிப் பார்த்தேன். குழாயடியில் வரிசையாக அதே கேன்கள்.

மறுநாள் எல்லா வீட்டுக்கும் புது வாளிகள் கொண்டுவந்தோம். செல்வி வாங்கிக்கொண்டு தயங்கி நின்றார்.

"இவ வயித்துல இருக்கப்பவும் அந்தத் தண்ணிதாங்க குடிச்சேன். ஒண்ணும் ஆகாதுல்ல?"

பதுளையில் டாக்டரிடம் காட்டலாம் என்றேன். அவர் கண்ணில் அந்தப் பயத்தை நான்தான் வைத்துவிட்டு வந்தேன்.