போதும் என்றால் போதும்

போடியில் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பெண் வெறுங்கையோடு ரோட்டில் வேகமாக நடந்தால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். எஸ்டேட் ஜீப்பைத் தவறவிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் உண்டு என்று நான் சொன்னதை ஊரில் யாரும் நம்பவில்லை. விடுமுறைக்கு வந்த மறுநாள் முந்தல் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஒன்று என்னைத் தாண்டிப் போய், நின்று, பின்னாலேயே வந்தது. உள்ளே தலையில் துண்டும் மடியில் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏந்தாயி, ஜீப்ப விட்டுட்டியா? ஏறு, ஏறு, வெரசா. நெருக்கி உக்காந்தா எடம் இருக்கு" என்றார் டிரைவர்.

"இல்லண்ணே. சும்மா நடக்குறேன்."

"சும்மாவா?"

"ஒடம்பக் கொறைக்கண்ணே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்சீட்டில் இருந்த ஓர் அக்கா, எனக்கு நன்றாகக் கேட்கும்படி ரகசியம் பேசினாள்: "வீட்ல என்னமோ நடந்திருக்கு. நோண்டாதீக, வண்டிய எடுங்க."

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி என் மாமியார் வீட்டுக்கு வந்து காபியும் குடித்துவிட்டுப் போயிருந்தது. அத்தை வாசலிலேயே நின்றார். "நான் என்னத்தா கொற வச்சேன், இப்படி ஊரு சிரிக்க ரோட்டுல போற?" என்று கேட்டார். மறுநாள் காலையில் ஒரு வயர்கூடையை என் கையில் திணித்தார். காய் வாங்கப் போகிறேன் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். கூடையை அங்கேயே வைத்துவிட்டு நடந்தேன். என் சொந்தக் கால்களால் என் சொந்த ஊரில் நடக்க எனக்கு எதற்குக் கூடை?

நான் குடியிருக்கும் அபர்டீனில் எல்லாம் தலைகீழ். ஸ்காட்லாந்தின் அந்தக் கடலோர ஊரில், மழையிலும் ஊசிக் காற்றிலும் ஒரு காரணமும் இல்லாமல் மனிதர்கள் ஓடுவார்கள். போன புதிதில் ஒருவர் தலைதெறிக்க ஓடி வந்ததைப் பார்த்து, நாய் துரத்துகிறது போல என்று பயந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். அவருக்கு வழிவிட்டதாக எடுத்துக்கொண்டு "தேங்க்யூ" சொல்லிவிட்டு ஓடினார். அங்கே சும்மா நிற்பவரைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள். அந்த ஊருக்குப் போன இத்தனை வருடத்தில் நானும் நடக்கக் கற்றுக்கொண்டேன், ஆனால் அதை எனக்குக் கற்றுத் தந்தது அழகுமில்லை, ஃபேஷனுமில்லை. எனக்கு ஒரு பிள்ளை வேண்டும்.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அங்குள்ள அரசு மருத்துவமனையில் குழந்தைப்பேற்றுக்கான சிகிச்சை உண்டு. ஆனால் பெண்ணின் எடை உயரத்துக்கு ஏற்ற வரம்புக்குள் வந்தால்தான் சிகிச்சையைத் தொடங்குவார்கள். வயதுக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. எடை இறங்கக் காத்திருக்கும்போது வயது ஏறிக்கொண்டே போகும். என் வீட்டுக்காரரின் பரிசோதனை முடிவும் சரியில்லை. சிகரெட்டை விடவேண்டும், அவரும் எடை குறைக்கவேண்டும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். பஸ்ஸில் வீடு திரும்பும்போது வீட்டுக்காரர், "அம்மாட்ட என்னையப் பத்திச் சொல்லிறாத" என்றார். சரி என்று நான் தலையாட்டவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

உணவு ஆலோசனைக்கு ஒரு நர்ஸ் இருந்தார், மொய்ரா என்று பெயர். ஒரு வேளைக்கு எவ்வளவு சோறு என்று கேட்டார். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்துக் காட்டினேன். "வீட்டில் எத்தனை பேர்?" என்றார். இரண்டு பேர் என்றேன். "ஓ, அப்படியானால் பரவாயில்லை" என்று அவர் சிரிக்க, எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமல் நானும் சிரித்தேன். அது எனக்கு மட்டும் என்பது புரிந்தபோது அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டார்.

முதலில் ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்கிற மாதிரிதான் நடந்துகொண்டேன். வெள்ளரிக்காயும் வெந்நீருமாகக் கிடந்தேன். எடை மளமளவென்று இறங்கியது, கூடவே தலைமுடியும் கொட்டியது. பஸ்ஸில் தலைசுற்றி, முன்பின் தெரியாத ஒரு பாட்டிமார் கூட்டத்தின் மேல் சாய்ந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல் ஒரு சட்டி பிரியாணியைக் காலி செய்தேன். இறங்கிய எடை வட்டியும் முதலுமாக வந்து சேர்ந்தது. மொய்ரா திட்டவில்லை. வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும், மெதுவாகப் போவதுதான் திரும்பி வராது என்றார். என்னோடு வேலை பார்க்கும் நம்மூர்ப் பெண் ஒருத்தி மட்டும், "சோற்றை அடியோடு விடுங்கள், சோறு விஷம்" என்றாள். எனக்கு வந்ததே கோபம்!

சோறு விஷமென்றால் என் அம்மா எப்போதோ செத்திருக்க வேண்டும். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் அம்மா காய் எடுத்த காலத்தில், காலையில் ஒரு சட்டி, மத்தியானம் ஒரு தூக்கு, ராத்திரிக்கு ஒரு கும்பா என்று சாப்பிட்டாள். அட்டைப்பூச்சி கடிக்க, வழுக்குகிற சரிவில் குனிந்து குனிந்து காயெடுத்து, ஈரமூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேடேறுவாள். சாப்பிட்டதை எல்லாம் அந்தச் சரிவு வாங்கிக்கொண்டது. நானோ அபர்டீனில் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, அம்மா சாப்பிட்ட அதே கும்பாச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மலையை இங்கேயே விட்டுவிட்டு அதன் சாப்பாட்டை மட்டும் விமானம் ஏற்றிக்கொண்டு போனவள் நான். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் பலர் செய்கிற காரியம்தான் இது.

அதனால் சோற்றை விடவில்லை, பாதியாக்கினேன். அந்த இடத்தில் கீரையும் பொரியலும் முட்டையும் சுண்டலும் வந்தன. எண்ணெயை ஊற்றுவதை நிறுத்திக் கரண்டியால் அளந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன், வாரத்தில் சில நாள் வீட்டிலேயே தண்ணீர்க் கேன்களைத் தூக்கி இறக்கினேன். நடந்தாயிற்றே என்று தெம்பாக எதையும் தின்னமுடியாது என்பதும் புரிந்தது. ஒரு மணி நேரம் நடந்து கரைப்பதை இரண்டு அதிரசம் உட்கார்ந்த இடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். சில வாரம் எடை அசையவே அசையாது, அப்போது அழுகை வரும். அழுதுகொண்டே நடந்தேன். அங்கே யாரும் ஜீப்பை நிறுத்திக் கேட்கவில்லை, மழையில் அழுகை தெரியவும் இல்லை. வரம்புக்கு இன்னும் இரண்டு கிலோ இருந்தபோதுதான் விடுமுறைக்கு ஊருக்கு வந்தோம். திரும்பிப் போகிற வாரமே எடை பார்க்கும் நாள். அன்று வரம்பைத் தாண்டி இருந்தால் மறுபடி வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கவேண்டும்.

அத்தைக்கு ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்குகிற வேலை. உருண்டு திரண்ட பச்சைக்காய் ஒரு பக்கம், சுருங்கிய காய் ஒரு பக்கம் என்று விரல் தானாகப் பிரித்துவிடும். என்னைப் பார்த்ததும் எந்தப் பக்கம் தள்ளினார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. "எலும்புந்தோலுமா இருந்தா எங்குட்டுத்தா பிள்ள தங்கும்?" என்று உளுந்தங்களியில் நல்லெண்ணெயைக் குளமாக ஊற்றி நீட்டினார். எடை குறைந்தால்தான் வைத்தியம் என்றேன். "அந்த ஊரு நர்சு எத்தன பிள்ள பெத்தாளாம்?" என்றார். அவர்மேல் எனக்கு வெறுப்பில்லை. நான் கேட்கிற அதே பிள்ளையைத்தான் அவரும் கேட்கிறார். அங்கே குறை என்கிறார்கள், இங்கே கூட்டு என்கிறார்கள், இரண்டு தரப்பும் பிடித்து இழுப்பது என் ஒரே உடம்பை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அத்தை குலசாமிக்குப் பொங்கல் வைத்து, வீட்டில் சொந்தங்களுக்குக் கறிவிருந்து போட்டார். எங்கள் பக்கம் பந்தியில் முதல் சோற்றோடு எழுந்தால் அது போட்டவருக்கு அவமானம். மறுசோறு வாங்கியே ஆகவேண்டும். நான் அளவாகச் சாப்பிட்டு, குழம்பும் கறியும் ருசித்து, இலையின்மேல் கையை விரித்து மறைத்தேன். அத்தை அன்னக்கரண்டியோடு நின்றார். "கைய எடு தாயி. பிள்ள வேணுமா வேணாமா ஒனக்கு?"

பந்தி முழுவதும் என்னைப் பார்த்தது. இத்தனை நாள் தொண்டையில் கிடந்தது அப்படியே வெளியே வந்தது.

"பிள்ள வேணும்னுதான் போதுங்குறேன் அத்தே. கொறைக்கச் சொன்னது எனக்கு மட்டுமில்ல, ஒங்க மகனுக்குந்தான். கொற ரெண்டு பேருக்கும் இருக்கு. களியும் பேச்சும் எனக்கு மட்டும் வருது."

எதிர் இலையில் என் வீட்டுக்காரரின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. பக்கத்திலிருந்த பெரியப்பா தண்ணீர் டம்ளரைத் தேடினார். வீட்டுக்காரர் என்னைக் கைவிட்டுவிடுவார் என்றுதான் அந்த நொடி நினைத்தேன். அவரோ தலையைத் தூக்காமலே, "ஆமாம்மா, டாக்டரு எனக்குந்தான் சொன்னாரு" என்றார். அத்தை கரண்டியை வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனார். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். வருத்தப்படவில்லை, இன்றைக்கும் வருத்தமில்லை. பஸ் ஏறும்வரை அத்தை என்னோடு பேசவில்லை. பெட்டியில் வழக்கமாக வைக்கும் நெய்ப் பாட்டிலையும் வைக்கவில்லை.

அபர்டீனில் எடைமேடை ஏறினேன். மொய்ரா எண்ணைப் படித்துவிட்டு, மற்ற நோயாளிகள் திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார். வரம்புக்குள் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்காரும் நேரத்தில் போடிக்கு வீடியோ கால் போட்டேன். அத்தை எடுத்தார். சிகிச்சை தொடங்கப்போகிறது என்றேன். அவர் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாதியாப் போயிட்டியே தாயி" என்று அழுதார். அதே எடைதான். ஓர் ஊரில் அதற்குக் கைதட்டல், இன்னோர் ஊரில் கண்ணீர். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அத்தை கேட்டார்: "அவன் எங்க? போன அவன்ட்டக் குடு."

கொடுத்தேன்.

"நீ எம்புட்டுடா கொறச்ச?"

"கொறச்சுக்கிட்டுதாம்மா இருக்கேன்."

"தட்டக் காட்டு."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவர் தட்டைப் பார்த்தேன். அபர்டீன் சமையலறையில், ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய மனிதர் போனைத் திருப்பித் தன் சோற்றைப் போடிக்குக் காட்டினார். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே வந்தார்.

"பாதிய எடுத்து வையிடா" என்றார் அத்தை.

நான் சட்டியைத் திறந்து நீட்டினேன்.