எதிர்த்தரப்பு வக்கீலின் இடது கை

என் கணவர் இறந்ததற்குக் காரணம் டயாலிசிஸில் பயன்படுத்திய திரவம் அல்ல, அவருடைய பலவீனமான இதயம்தான் என்று மைசூர் நுகர்வோர் கோர்ட்டில் வாதாடியவர் அவர். திரவம் தயாரித்த கம்பெனியின் வக்கீல். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று வாதாடும்போது இடது மணிக்கட்டை இரண்டு விரலால் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். கனமான ஃபைல் கட்டை வலது கையால் மட்டுமே தூக்கினார். டயாலிசிஸ் ஊசிக்காகக் கையில் ஆபரேஷன் செய்த ரத்தக்குழாய் அதிர்கிறதா என்று என் கணவரும் நாள் முழுக்க இப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்.

மதிய இடைவேளையில் வராந்தாவில் வழிமறித்தேன். "சார், உங்களுக்கும் டயாலிசிஸா?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "உங்ககூட நான் பேசக் கூடாதுங்கம்மா" என்றார், கொள்ளேகால் பக்கத்துத் தமிழில்.

"உங்களுக்கு எந்தக் கம்பெனி திரவக் கேன் மாட்டுறாங்கன்னு பார்த்தீங்களா?"

அவர் படியிறங்கினார். பாதியில் நின்று திரும்பி மேலே வந்தார்.

"அவருக்கு மொதல்ல என்னங்கம்மா பண்ணுச்சு?"

"நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னார். அப்புறம் பேச்சே இல்லை."

தலையாட்டிவிட்டுப் போனார். மறுபடி கோர்ட் கூடியதும், அந்தத் திரவத்தில் ஒரு குறையும் இல்லை என்று அதே மெல்லிய குரலில் வாதத்தை முடித்தார்.

இப்போது அவர் விரல்கள் மணிக்கட்டில் இல்லை. நெஞ்சின் மேல் இருந்தன.