மேடத்தை மறுபடி உள்ளே விட்ட காலை

ஐம்பத்து நான்கு வயதாகியும் அவளை எல்லோரும் சின்னவள் என்றுதான் சொன்னார்கள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் முப்பது வருடமாக லென்ஸ் தேய்த்தாள். அவள் தேய்த்த லென்ஸ் ஃபிரேமுக்குள் இம்மி பிசகாமல் உட்காரும். முன்பக்கம் கவுண்டருக்கு வரச்சொல்லி முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டார். "நாலு பேர் முன்னாடி நின்னு பேசுற மூஞ்சியாடி இது?" என்று அக்கா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு போயிற்று. கல்யாணப் பேச்சும் ஏறக்குறைய அப்படித்தான் போனது.

அக்கா ஏழு வயது மூத்தவள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவள். அங்கே அவளை 'மேடம்' என்பார்கள். ஓய்வு பெற்ற கையோடு வீட்டின் முன்னறையில், தன் கட்டிலுக்கு எதிரே, நாலடி நீளத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்தாள். உள்ளே பவளப்பாறை, அதன் மேல் விரல் விரலாக அசையும் கடல் சாமந்தி, அதற்குள் புரள ஐந்து கோமாளி மீன்கள். ஐந்தும் ஒரே அளவுக் குஞ்சுகள், ஒரே நாளில் விட்டவை.

"கூட்டமா வளர்க்கணும்னா இதான் வழி. நடுவுல ஒண்ண எடுக்கவும் கூடாது, புதுசா ஒண்ண சேர்க்கவும் கூடாது" என்பாள்.

ஆறு மாதத்தில் ஐந்தும் வரிசைக்கு வந்தன. பெரியது பெண். அடுத்தது அதன் ஆண் ஜோடி; பெரியது போனால் அதுவே பெண்ணாக மாறும். மற்ற மூன்றும் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மேலே இடம் காலியாகக் காத்திருப்பவை. மேலே உள்ளதைவிட வளர்ந்தால் கடி விழும் என்று அரைவயிறு தின்று குட்டையாகவே இருக்கும். பெரியதற்கு அக்கா 'மேடம்' என்று தன் பட்டத்தையே கொடுத்தாள். இரண்டாவது 'குமாஸ்தா'. கடைசியில் கிடந்தது 'ஒட்டு'. அது தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையை விட்டு வராது.

"பாத்தியா, அவங்கவங்க இடம் அவங்கவங்களுக்குத் தெரியுது" என்று அக்கா பூரிப்பாள்.

உப்பு கரைப்பதும், வாளி வாளியாகச் சுமந்து தண்ணீர் மாற்றுவதும், பாசி சுரண்டுவதும் சின்னவள் வேலை. தீனி போடுவது மட்டும் அக்கா. தொட்டிக்கு முன்னால் இருந்த ஒரே நாற்காலியும் அக்காவுடையது.

ஒரு செவ்வாய்க்கிழமை பல் தேய்க்கும்போது அக்காவுக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கையும் காலும் போயின. நாக்கு மட்டும் முன்பு போலவே இருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம், பயிற்சி நிலையத்தில் மூன்று மாதம்.

அதே வாரம் மேடத்தின் துடுப்பு பாறையில் கிழிந்து வெள்ளை பூத்தது. தொட்டிக் கடைக்காரர் வந்து பார்த்தார்.

"தனியா எடுத்து மருந்து போடுங்கம்மா. பத்தே நாள். ஆறின அன்னைக்கே உள்ள விட்டுடணும். தள்ளிப்போட்டீங்கன்னா இடம் போயிடும். அப்புறம் மத்ததெல்லாம் அவங்களை வீட்டுக்காரின்னு நினைக்காது, திருட வந்தவன்னு நினைக்கும்."

சின்னவள் தான் படுக்கும் வீட்டுப் பின்னறையில், குளியலறையை ஒட்டி, ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டியில் மேடத்தை விட்டாள். பத்தாம் நாள் துடுப்பு கூடிவிட்டது. வலையை எடுத்துக்கொண்டு அவள் முன்னறைக்கு வந்தபோது ஒட்டு மூலையை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. தீனியைக் கிள்ளி நீட்டினாள். அவள் விரலிலிருந்தே கொத்தித் தின்றது. மூன்று வருடத்தில் அதன் வயிறு உருண்டு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

வலையை ஆணியில் மாட்டிவிட்டாள். நாளைக்கு விட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அந்த 'நாளைக்கு' கிட்டத்தட்ட நான்கு மாதம் நீண்டது. அதற்குள் தன் படுக்கையை முன்னறைக்குக் கொண்டுவந்தாள். ஜன்னல் காற்று இவ்வளவு வருமென்று அவளுக்குத் தெரியாது. கடையில் மூன்றாம் முறை கேட்டபோது கவுண்டருக்குப் போனாள். அவள் பேச்சுக்கு ஃபிரேம் நன்றாகவே விற்றது. தொட்டிக்குள் குமாஸ்தா பருத்து, பெண்ணாகி, சாமந்தியைப் பிடித்துக்கொண்டது. ஒட்டு கடிபட்டு மறுபடி குழாய்க்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. சின்னவள் அதையும் பார்த்தாள். அதற்காக மேடத்தைத் திரும்ப விட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"இனிமே விட்டா கிழிச்சுப் போட்டுடும். அந்தம்மா தனியாவே இருந்து சாகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார், மறுபடி வந்து பார்த்த தொட்டிக் கடைக்காரர்.

அக்கா சக்கர நாற்காலியில் வீடு திரும்பினாள். சின்னவள் நேராகப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"இங்க எதுக்கு?"

"குளியலறை பக்கம். உனக்கு சௌகரியம்."

"என் கட்டில் முன்னாடி இருக்கு. அதுல என்னைப் படுக்க வை."

"அதுல நான் படுக்கிறேன்."

அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "நாலு மாசத்துல நல்லாத்தான் கொழுத்திருக்க. நாளைக்குக் காலைல கட்டிலை மாத்து." அப்புறம்தான் சின்னத் தொட்டி அவள் கண்ணில் பட்டது. மேடம் இளைத்து, நிறம் வெளுத்து, அடியில் கிடந்தது. "இவ ஏன் இன்னும் இங்க? நீ சொன்ன காயம் ஆறிடுச்சே! புத்தி இருக்கா உனக்கு? காலைல முதல் வேலையா இவளை உள்ள விடு. என் கண் முன்னாடி விடு."

கடைக்காரர் சொன்னதைச் சொல்ல சின்னவள் வாய் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள்.

காலையில் அக்காவைத் துடைத்து, உடை மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தொட்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை. மேடத்தை வலையில் அள்ளி மெதுவாக உள்ளே விட்டாள்.

மேடம் நேராகத் தன் சாமந்திக்குப் போனது. குமாஸ்தா பக்கவாட்டில் வந்து ஒரே இடி இடித்தது. மேடம் புரண்டு திரும்புவதற்குள் மற்ற இரண்டும் வாலைப் பிடித்தன. அரை நிமிடத்தில் துடுப்புத் துணுக்குகள் தண்ணீரில் மிதந்தன. மேடம் பாறை இடுக்கில் புகுந்தது. இழுத்து வெளியே போட்டன. மேல் மூலைக்கு ஏறியது. அங்கே குழாய்க்குப் பின்னாலிருந்து ஒட்டு வந்து அதன் கண்ணில் கடித்தது.

"எடுடி! எடு அவளை!"

"நீதானே விடச் சொன்ன."

"கொல்லுதுடி! வலையை எடு!"

வலை சின்னவள் கையிலேயே இருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேதான் விட்டியா?" என்றாள் அக்கா. அக்கா நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளினாள். ஒரு சக்கரம் மட்டும் உருண்டு நாற்காலி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. சின்னவள் அதைப் பிடித்து மறுபடி தொட்டிக்கு நேராக நிறுத்தினாள்.

"முன்னறை யாருக்கு?" என்று கேட்டாள்.

"என்னது?"

"முன்னறை."

மேடம் ஒருக்களித்து மிதந்தது. நான்கும் மாறி மாறி வந்து கொத்திவிட்டுப் போயின.

"உனக்குத்தான். வெச்சுக்கோ. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எடுடி."

சின்னவள் ஒரே வீச்சில் அள்ளினாள். முப்பது வருடம் லென்ஸ் பிடித்த கை. பின்னறைத் தொட்டியில் மேடத்தைக் கவிழ்த்தாள். ஒரு கண் போயிருந்தது, வால் பாதிதான் மிச்சம். ஆனாலும் செவுள் அடித்துக்கொண்டிருந்தது. அக்காவைக் கொண்டுவந்து, இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினாள்.

"பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு. ரெண்டு மேடமும் பேசிக்கிட்டு இருங்க" என்றாள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தலையணை ஓரம் நனைந்தது. சின்னவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். டயபரைச் சரிபார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள். கடைக்கு நேரமாகிவிட்டது.

கூப்பிடுவதற்காகப் பயிற்சி நிலையத்தில் கொடுத்தனுப்பிய மணி கட்டிலின் வலது பக்கம் இருந்தது. முந்தின நாள் மட்டும் அக்கா அதைப் பதினாறு தடவை அடித்திருந்தாள். சின்னவள் அதை எடுத்து இடது பக்கம் வைத்தாள்.

"அந்தக் கை எனக்கு வராதேடி."

"தெரியும்க்கா" என்றாள் சின்னவள், பையை மாட்டிக்கொண்டு.