வருது, கொஞ்சம் இருங்க

பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் கேபிள் ஆபீஸ் போட்டவன் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. திருவேற்காடு வரைக்கும் கம்பம் கம்பமாக ஏறி நானே ஒயர் இழுத்தேன். சொந்தமாக லோக்கல் சேனல் தொடங்கினேன். ஊரே செல்போனுக்கு மாறியபோது, இவன் கதை முடிந்தது என்றார்கள். நான் ஃபைபர் போட்டு சென்னீர்குப்பம் வரை நெட் கொடுத்தேன். யார் தயவும் இல்லை.

ஒன்று மட்டும் என் கைக்கு அடங்கவில்லை: லைனில் நெரிசல். திருவேற்காட்டுத் தேரை எங்கள் சேனல் படம்பிடித்து, சாயங்காலம் வீடியோவாகப் போடும். போட்டதும் எல்லா வீட்டிலும் அதையே கேட்பார்கள். வீடியோ இருப்பது பாடி ஆபீசில். ஒரே படம் வீட்டுக்கு வீடு தனித்தனியாக அங்கிருந்து வந்தால் லைன் என்ன ஆகும்?

சென்னீர்குப்பம் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் நேரிலேயே வந்துவிட்டார்.

"இன்னா அண்ணாத்தே, போன வருசம் தேரு நின்னுகினு கீது, ஸ்கிரீன்ல வட்டம்தான் சுத்திகினு கீது. இந்த வாட்டியும் இப்டின்னா, மொத்த பில்டிங்கும் வேற கம்பெனிதான். கோச்சுக்காத."

அந்தக் கட்டடம் போனால் அந்தப் பக்கத்து லைனையே நான் சுருட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

என் மருமகள் நெட்வொர்க்கில்தான் ஆராய்ச்சி செய்கிறாள். சென்னீர்குப்பத்தில் ஒரு பெட்டி வைத்தாள். "எங்கேருந்து வேணும்னு இது கேட்காது மாமா, என்ன வேணும்னுதான் கேட்கும். ஒருவாட்டி வந்ததை வெச்சுக்கிட்டு, அடுத்தவங்களுக்கு இங்கேயே கொடுத்துடும்."

நம் ஆட்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் அவரவர் போனில் ஒரே வீடியோவைப் போடச் சொல்லிப் பார்த்தோம். முதல் பிரதி வந்து சேர்வதற்குள் அத்தனை பேரின் கோரிக்கையும் பாடிக்கு ஓடிவிட்டது. பழைய நெரிசலேதான்.

"கேபிள்ல கேசட் போட்ட காலத்துல ஒரே படத்துக்கு நாலு தெரு போன் பண்ணும்," என்றேன். "கேசட் கடைக்கு ஒரு ஆளைத்தான் அனுப்புவேன். மத்தவங்களுக்கு, 'வருது, கொஞ்சம் இருங்க'ன்னுடுவேன். அது வந்தப்புறம்தான் அடுத்த படத்துக்கு ஆள் போவான்."

சிரித்தாள். "எங்க பாடமும் இதேதான் மாமா. கேட்கிறதை அடக்கினா வர்றது அடங்கும். காக்க வெச்சா கஸ்டமர் திட்டுவாங்கன்னு நான்தான் போடலை."

"சொல்லாம நிறுத்துனாதான் திட்டுவான். சொல்லிட்டு நிறுத்து, உக்காந்துக்குவான்."

நிறுத்துவது, சொல்வது, இரண்டையும் பெட்டியில் போட்டாள்.

தேர் அன்றைக்குச் சாயங்காலம் திரைகளில் 'வருது, கொஞ்சம் இருங்க' என்று என் வார்த்தை வந்தது. கொஞ்ச நேரத்தில் தேர் அசைந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. செயலாளர் கூப்பிட்டார்.

"அண்ணாத்தே, எங்கம்மா போனைப் பாத்து கன்னத்துல போட்டுகினு கீது. லைன் இருக்கட்டும்."

கம்பம் ஏறியவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்ட மருமகளுக்கும், ஒரு வருஷம் பொறுத்த அந்தக் கட்டடத்துக்கும் நான் நன்றி மறக்க மாட்டேன். பெட்டி அவள் மூளை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இதைப் பற்றி அவள் எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரையில், கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு நன்றி போட்டு என்னை முடித்துவிடக் கூடாது. அந்த வாக்கியம் என்னுடையது. முதல் பக்கத்தில், அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரும் வர வேண்டும்.