பந்து நம்மவர் கையில் இருந்தபோது

நான் அமெரிக்கா போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடியில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவுக்கு ஒரேயொரு பதில் வாங்கிவரத்தான். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். கடைசி மகன் என் தம்பி. சண்டைக் காலத்தில் அமெரிக்கா போனவன் திரும்பி வரவேயில்லை. "அவன் வருவானா எண்டு மட்டும் கேட்டுத்து வா மகள்" என்றுதான் அம்மா என்னை அனுப்பினார்.

வீட்டில் தம்பி பிடி கொடுக்கவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தேத்தண்ணி போட எழும்பிப் போனான். நான் புறப்பட இருந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, "மெச் பார்க்கப் போவம் அக்கா" என்றான். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் காற்பந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் போனேன்.

வாசலில் என் கைப்பையை விடமாட்டோம் என்றார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோகலாமாம். சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்டியே வளர்ந்தவள் நான். திறக்கவே தேவையில்லாத பையை அன்றுதான் கண்டேன். மருந்து, சீப்பு, கைக்குட்டை எல்லாவற்றையும் ஊர் பார்க்கத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தேன்.

எங்கள் ஊர் வாவிக்கு அந்தப் பக்கம் பழுகாமம் வரை உள்ள சனத்தையெல்லாம் அள்ளி வந்து இருத்தினாலும் அந்த மைதானத்தில் இடம் மிஞ்சும். ஒரே கூச்சல். காது அடைத்துவிட்டது. என்னைக் கதைக்க விடாமல் இருக்கத்தான் இங்கே கூட்டிவந்திருக்கிறான் கள்ளன் என்று நினைத்தேன்.

பிறகு திடீரென்று முழுச் சனமும் அடங்கியது.

"ஏன்டா?"

"இப்ப நம்மட ஆக்கள்ட கையில பந்து, அக்கா. அவங்க ஆளுக்காள் சொல்றது கேக்கணும். மற்றவங்கட கையில இருந்தாத்தான் கத்துவம்."

"அப்ப நான் சொல்றதும் உனக்குக் கேக்கும். அம்மாக்குக் கொள்ளி வைக்க வருவியா?"

அவன் மைதானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அண்ணன் வைக்கட்டும்."

"கொள்ளிய விடு. உசிரோட இருக்கக்குள்ள ஒருக்கா வந்து முகத்தக் காட்டு."

"எனக்கு அங்க கால் வைக்க ஏலாது அக்கா. இனிக் கேக்காதீங்க."

அந்த நேரம் பார்த்து ஒருவன் பந்தோடு ஓடி எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டான். கூட்டம் எழும்பிக் கத்தியது. முன்வரிசையில் நின்ற முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் திரும்பித் தம்பியைக் கட்டிப்பிடித்தார். அவனும் அவரை இறுக்கிக் கட்டிப்பிடித்துக் கத்தினான். இவன் அம்மாவைக் கட்டிப்பிடித்து எத்தனை காலம் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் நானும் வெற்றிச் சந்தோசத்தில் அழுவதாக எண்ணி என் முதுகில் தட்டினார்கள்.

ஊர் வந்து பையை இறக்கு முன்பே அம்மா கேட்டார்: "என்ன சொன்னவன்?"

மைதானத்தில் தம்பியைப் போனில் எடுத்திருந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். அறை முழுக்க அந்த இரைச்சல்.

"கேட்டனான் அம்மா. இந்தச் சத்தத்துக்குள்ள அவன் சொன்னது எனக்குக் கேக்கல்ல."

அம்மா வீடியோ முடியும்வரை அவனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "இவ்வளவு சனம் கத்தினா எப்பிடிக் கேக்கிற" என்றார். "பரவாயில்ல. வரக்குள்ள அவனே சொல்லட்டும்."

இப்போது வாசலில் ஓட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டாலே அம்மா தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.